வெங்காய மண்டியில் ஒரு பரீட்சை

கல்வி இலாகாவிலிருந்து வந்த சுற்றறிக்கையைத் தலைமையாசிரியை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இரண்டு முறையும் ஆசிரியைகள் அறையில் ஒருவர்கூட நம்பவில்லை.

"மொத்தம் ஐம்பது கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு விடை அச்சடிச்சிருக்கும். அதிலே ஒண்ணுதான் சரி. பிள்ளைகள் பேனாவைத் தொடவே வேண்டாம்."

"விடையையும் அவுகளே அடிச்சுக் குடுத்துட்டா அப்புறம் என்னம்மா பரீட்சை?" என்றார் தையல் டீச்சர். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, மேடையில நாலு பேரை உட்கார வெச்சு, இதுல ஒருத்தர்தான் மாப்பிள்ளை, யாருன்னு பார்த்துச் சொல்லுங்கன்னு கேக்குற மாதிரில்ல இருக்கு!"

அறையே சிரித்தது. ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதற்குள் சுற்றறிக்கையை வாங்கி மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

1964-ஆம் வருஷத்துப் பிப்ரவரி மாதம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் எந்த மட்டத்தில் நிற்கிறார்கள் என்று ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க, பத்துப் பள்ளிக்கூடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒன்பது ஆண்கள் பள்ளிகள். பத்தாவது, திண்டுக்கல் பக்கத்துத் தாடிக்கொம்பில் இருந்த ஜக்கம்மாள் பெண்கள் உயர்நிலைப் பள்ளி.

அங்கே கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தவள் ராமுத்தாய். வயது இருபத்தைந்து. மதுரையில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு பி.டி. ஆசிரியப் பயிற்சியும் முடித்து வந்தவள். பள்ளிக்கூடத்தின் தாளாளர் மலைச்சாமி அவளுக்குச் சித்தப்பா முறை. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்தார். தம்முடைய தாயார் பெயரில் பள்ளிக்கூடம் கட்டியதில் அவருக்கு எவ்வளவு பெருமையோ, அதைவிட அதிகச் சந்தேகம், பெண் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்பதில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமுத்தாய் அவர் வீட்டு வாசலில் நின்று, அழுது, சண்டை போட்டு, ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து, கணக்கு விஞ்ஞானப் பிரிவை வாங்கியிருந்தாள். அதன் முதல் வகுப்புதான் இப்போது பத்தாம் வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பெண்கள். வருகிற ஜூனில் அவர்கள் பதினொன்றுக்குப் போக வேண்டும். பிரிவு இருந்தால் கல்லூரியில் விஞ்ஞானம் எடுக்கலாம். இல்லாவிட்டால் தையல்தான்.

சுற்றறிக்கை வந்த அன்று சாயங்காலமே மலைச்சாமி வந்துவிட்டார்.

"ஏத்தா ராமுத்தாயி, நானா ஒண்ணும் சொல்லலை. கெவர்மெண்டே அளந்து பாக்குறேங்குது. நல்லதாப் போச்சு. அம்பதுக்குப் பாதி இருபத்தஞ்சு. நம்ம புள்ளைக சராசரி இருபத்தஞ்சு வந்துச்சுன்னா, உன் பிரிவு நடக்கட்டும். ஒரு மார்க்கு குறைஞ்சாலும் சூன் மாசத்துலேருந்து மூடிர வேண்டியதுதான்."

"ஒரு மார்க்குக்காகவா சித்தப்பா?"

"பள்ளிக்கூடத்துல என்னைய ஐயான்னு கூப்பிடு."

"ஒரு மார்க்குக்காகவா ஐயா?"

"அரை மார்க்குக்காகவும்தான்" என்றார் ஐயா.

பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. இலாகாவிலிருந்து மாதிரிக் கேள்விகள் பன்னிரண்டு வந்தன. விடைத்தாள் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் அனுப்பவில்லை. ராமுத்தாய் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி நாலு விடைகளையும் கீழே வரிசையாக எழுதினாள்.

முதல் நாள் வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் எத்தனை பாகை? தொண்ணூறு, நூற்றெண்பது, இருநூற்றெழுபது, முந்நூற்றறுபது. நூற்றெண்பது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அச்சடித்த மாதிரி நாலும் வரிசையாக நின்றதும் பிள்ளைகளுக்குத் தலை சுற்றியது.

"டீச்சர், இருநூத்தெழுபதையும் பாத்தா சரி மாதிரித்தான் இருக்கு" என்றாள் ஒச்சாயி. வகுப்பிலேயே கடைசி மார்க் அவளுடையது. ஆனால் முதல் குரலும் அவளுடையதுதான். "பாவம், அதை மட்டும் எப்படித் தப்புங்குறது?"

பூக்காரர் மகள் பேச்சாயி, எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள், பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ராமுத்தாய்க்கு அப்போதுதான் யோசனை உதித்தது. "ஒச்சாயி, உங்க வீட்டில் அரிசி யார் பொறுக்குறது?"

"நான்தான் டீச்சர்."

"முறத்துல அரிசியைக் கொட்டினதும் நல்ல அரிசியா ஒண்ணொண்ணா எடுப்பியா?"

"விடிஞ்சிரும் டீச்சர்! கல்லைப் பொறுக்கி எறிஞ்சா மிச்சம் அரிசிதானே?"

"அதேதான். நாலுல எது சரின்னு தேடாதே. எதெல்லாம் கல்லுன்னு பாரு. கல்லை அடிச்சுத் தள்ளு. கடைசியில முறத்துல நிக்கிறது அரிசி. அதை யாரும் தொட வேண்டாம்."

அன்றிலிருந்து அந்த வகுப்பில் பாடம் நடந்ததா, அரிசி பொறுக்கினார்களா என்று பக்கத்து வகுப்புக்குத் தெரியவில்லை. "தொண்ணூறு கல்லு!" "முந்நூத்தறுபது கல்லு!" என்று நாற்பத்திரண்டு தொண்டைகள் கத்தும். ஒரு பெண் ஓடிவந்து சாக்பீஸால் கல்லை அடித்து அழிப்பாள். மிஞ்சுகிற விடை கரும்பலகையில் தனியாகச் சுத்தமாக நிற்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். பிராணவாயு, கரியமில வாயு, நெம்புகோல், இருபடிச் சமன்பாடு எல்லாமே முறத்தில் ஏறி இறங்கின. இரண்டாவது வாரத்தில் ஒச்சாயிகூட ஐந்து கேள்விக்கு மூன்றில் கல்லை ஒழுங்காகப் பொறுக்கினாள்.

பரீட்சை அன்று சொந்தப் பள்ளி ஆசிரியர்கள் கூடத்துக்குள் நுழையக் கூடாது என்பது விதி. மேற்பார்வைக்குத் திண்டுக்கல்லில் ஓர் ஆண்கள் பள்ளியிலிருந்து சுருளிவேல் என்ற கணக்கு வாத்தியார் சைக்கிளில் வந்தார். சொந்த ஊர் கீரனூர், வயது இருபத்தொன்பது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பையன்கள் நடுவில் சிங்கம்போல் நடமாடுகிறவர், கூடத்துக்குள் காலை வைத்ததும் நாற்பத்திரண்டு இரட்டைச் சடைகளைப் பார்த்துத் தம்முடைய பெயரையே மறந்துவிட்டார்.

"எல்லாரும் பென்சிலைக் கையில எடுத்துக்கோங்க" என்றார்.

கூடம் சட்டென்று அமைதியாயிற்று. பிறகு ஓர் ஓரத்தில் களுக்கென்று ஒரு சத்தம். அந்தப் பெண்களிடம் இதுவரை எந்த வாத்தியாரும் "ங்க" போட்டுப் பேசியதில்லை. வீட்டில் அப்பா போட்டதில்லை, பஸ்ஸில் கண்டக்டர் போட்டதில்லை.

"ஏனுங்க, சிரிக்காதீங்க" என்றார் சுருளிவேல்.

அவ்வளவுதான். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக ஓடியது. வாத்தியாரின் காது சிவந்தது. கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் அவர் உரக்க வாசிக்க வேண்டிய குறிப்புகள் ஐந்து இருந்தன. விடைத்தாளில் எண்களும் கட்டங்களும் தவிர ஒன்றும் கிடையாது, எல்லாவற்றையும் அவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். முதலிரண்டையும் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வாசித்தார். நடுவில் ஒரு குறிப்பு தப்பிப்போனது அவருக்கே தெரியவில்லை. பெண்களுக்கு எப்படித் தெரியும்?

"ஆரம்பிக்கலாமுங்க."

நாற்பத்திரண்டு தலைகள் குனிந்தன. ராமுத்தாய் வராந்தாவில் ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தாள். உள்ளே கர் கர் என்று பென்சில்கள் உரசும் சத்தம், ஆலையில் நூல் சுற்றுவதுபோல ஓயாமல் கேட்டது. ஒருத்திகூட விட்டத்தைப் பார்க்கவில்லை. ராமுத்தாய்க்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

முடிந்ததும் சுருளிவேல் தாள்களைக் கட்டி முத்திரை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்க புள்ளைங்க பென்சில் தேய்ச்ச தேய்ப்பு இருக்குதே டீச்சர்! ஆறு பேருக்கு நான் சீவிக் குடுத்தேனுங்க. நேத்துப் பரீட்சை எழுதிட்டு வெளிய வந்த எங்க பசங்க அரை நுனிகூடத் தேய்ச்சிருக்கலை."

"எங்க பிள்ளைக உழைப்பாளிக சார்" என்றாள் ராமுத்தாய்.

"தெரியுதுங்க" என்றார். பிறகு சைக்கிள் பெல்லை ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை மலைச்சாமியின் மண்டி வேன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் முகத்தில் கோபம் இல்லை. கோபத்தைவிடப் பயங்கரமாக ஒரு சிரிப்பு இருந்தது. கையில் மதிப்பெண் பட்டியல். நேரே பத்தாம் வகுப்புக்குள் போய் எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

"அழகம்மாள், முட்டை. இருளாயி, முட்டை. பேச்சாயி... எந்தப் பேச்சாயி, டாக்டருக்குப் படிக்கப் போற பேச்சாயியா? முட்டை! மூக்காயி, ஒண்ணு. பரவாயில்லை, ஒண்ணு!"

முப்பத்தாறு பேருக்குப் பூஜ்யம். ஐந்து பேருக்கு ஒன்று. ஒரே ஒருத்திக்கு ஏழு.

"அந்த ஏழு யாரு?" என்றார் தாளாளர்.

ஒச்சாயி எழுந்து நின்றாள். தன் காதைத் தானே நம்பாமல், "நானா?" என்றாள்.

"ஆமா தாயி. நீதான் பள்ளிக்கூடத்துலேயே முதல் மார்க்கு."

பேச்சாயி பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், இந்தத் தடவை சிரிப்பதற்காக அல்ல. மலைச்சாமி ராமுத்தாயைப் பார்த்தார். "சராசரி கால் மார்க்கு. என் மண்டியில மூட்டை தூக்குறவன் கண்ணை மூடிக்கிட்டுக் கிறுக்கினாக்கூட நாலஞ்சு வாங்கியிருப்பான். சனிக்கிழமை மதியம் உத்தரவுல கையெழுத்துப் போடுறேன். பதினொண்ணாம் வகுப்புல கணக்குப் பிரிவு கிடையாது."

ராமுத்தாய் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஒரு வகுப்பு முழுவதும் எப்படி முட்டை வாங்கும்? இருபது நாள் தொண்டை கிழியக் கத்தியது எங்கே போயிற்று? அன்று இரவு அவள் சோற்றில் கை வைக்கவில்லை. அதே நேரத்தில் ஒச்சாயி வீட்டில் கேசரி கிளறினார்கள். வெள்ளிக்கிழமை அவள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். "பேச்சாயி, உனக்குப் புரியலைன்னா என்கிட்டக் கேளுடி" என்று சொல்லி முதுகில் ஒரு குத்தும் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சைக்கிளைப் பள்ளிக்கூடச் சுவரில் சாய்க்கக்கூட நேரமில்லாமல் கீழே போட்டுவிட்டு, சுருளிவேல் விஞ்ஞான அறைக்குள் ஓடிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் அதே தாள் கட்டு.

"டீச்சர், தப்பு என்னுதுங்க."

"என்ன தப்பு சார்?"

"மூணாவது குறிப்பு. நான் வாசிக்கவே இல்லைங்க. நேத்து ராத்திரி பட்டியலைப் பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டுது. இம்புட்டுப் பென்சில் தேய்ச்ச புள்ளைங்களுக்கு எப்படி முட்டை வரும்? புத்தகத்தை எடுத்துப் பார்த்தால்..." அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சரியான விடைக்குரிய கட்டத்தை மட்டும் பென்சிலால் கருப்பாக்கவும். "ரெண்டுலேருந்து நாலுக்குத் தாவிட்டேனுங்க. விடிஞ்சதும் அதிகாரி வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லித் தாள் கட்டையும் திருத்துற அட்டையையும் வாங்கிட்டு வந்தேன். இனி நீங்களே பாருங்க."

முதல் தாள் பேச்சாயியுடையது. ராமுத்தாய் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையிலும் நாலு கட்டத்தில் மூன்று கன்னங்கரேலென்று இருந்தன. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

"ஐயோ" என்றாள். "கல்லு!"

"என்னங்க கல்லு?"

"கல்லைத்தான் அடிச்சுத் தள்ளச் சொன்னேன் சார்! அரிசியைத் தொடாதீங்கன்னு சொன்னேன். தொடவே இல்லை பாருங்க, ஒருத்தியும் தொடவே இல்லை!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தப்பு என்னுது சார். உங்களுது இல்லை."

"இல்லீங்க, குறிப்பை வாசிச்சிருந்தா..."

"நான் அப்படிச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா..."

"டீச்சர், சண்டையை அப்புறம் போடலாமுங்க. பிரிவை மூட இன்னைக்கு மதியம் கையெழுத்துன்னு திண்டுக்கல்லு பூராப் பேச்சுங்களே?"

திருத்தியவர்கள் ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் எளிது. விடைத்தாளின் மேல் ஓர் அட்டையை வைப்பார்கள். சரியான கட்டங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் அட்டையில் ஓட்டை இருக்கும். ஓட்டைக்குள் கருப்பு தெரிந்தால் ஒரு மார்க். பேச்சாயியின் தாளில் ஐம்பது ஓட்டையிலும் வெள்ளைதான் தெரிந்தது. கருப்பெல்லாம் அட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து எண்ணினார்கள். மூன்று தப்பையும் அடித்து, சரியானதை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தால் ஒரு மார்க். தெரியாமல் இரண்டு கட்டத்தை வெள்ளையாக விட்டிருந்தால் மார்க் இல்லை. பேச்சாயி நாற்பத்தொன்பது. ராமுத்தாய் ஒரு தாளை எண்ணி முடித்து நிமிர்ந்தால் சுருளிவேலும் நிமிர்வார். இருவரும் உடனே குனிந்துகொள்வார்கள். இதனால் நாலு தாள்களை மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. பதினோரு மணிக்குக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. சராசரி முப்பத்தெட்டு.

"எங்க பசங்க சராசரி இருபத்தேழுங்க" என்றார் சுருளிவேல், அதில் தமக்கு ஏதோ லாபம் வந்ததுபோல்.

"சித்தப்பா நம்ப மாட்டார் சார். முட்டையைக் கவுத்துப் போட்டு நூறாக்குறீகளான்னு கேப்பார். மண்டியில மூட்டை தூக்குறவனே கண்ணை மூடிக்கிட்டு நாலஞ்சு வாங்குவான்னு சொன்னவர்."

சுருளிவேல் எழுந்து நின்றுவிட்டார். "அப்படியா சொன்னார்? அவர் சொன்னது அம்புட்டும் சரிங்க! முட்டை வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை. கட்டுல எழுதாத விடைத்தாள் எத்தனை மிச்சம் இருக்குது? வாங்க, மண்டிக்குப் போவோம்."

அவர் சைக்கிளில் முன்னே போக, ராமுத்தாய் பஸ்ஸில் போனாள். பஸ் அவரைத் தாண்டியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மனுஷர் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்.

மண்டி அந்த நேரத்தில் ஏலம் முடிந்து ஓய்ந்திருந்தது. ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து வெங்காயக் குவியலில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமி மேஜைக்குப் பின்னால், கையெழுத்துப் போட வேண்டிய உத்தரவை முன்னால் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். ராமுத்தாய் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். தாள்களைக் காட்டினாள்.

"நல்லாருக்கே கதை!" என்றார் மலைச்சாமி. "நூறு வாங்குனாலும் பாஸு, முட்டை வாங்குனாலும் பாஸா? அப்ப ஃபெயில்தான் எவன்?"

"ஐயா, முட்டை வாங்குறது அத்தனை சுலபமுங்களா?" என்றார் சுருளிவேல். "நீங்க ஒரு முட்டை வாங்கிக் காட்டுங்க."

"என்னப்பு சொல்றீக?"

"இந்தாங்க விடைத்தாள். கேள்வி வேண்டாம், படிக்க வேண்டாம். வரிசைக்கு ஒரு கட்டத்தைக் கருப்பாக்குங்க. ஐம்பது வரிசையிலும் ஒண்ணுகூடச் சரியா இருக்கக் கூடாது. அம்புட்டுத்தானுங்க."

"இதென்ன பெரிய வித்தை? ஏலே சடையாண்டி, இங்கிட்டு வாடா! எல்லாரும் வாங்கடா! எவன் முட்டை வாங்குறானோ அவனுக்கு ஒரு மூட்டை வெங்காயம்!"

மண்டி எழுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், லாரி புரோக்கர் அப்துல் கையூம், எல்லோரும் மூட்டைகளின் மேல் தாளை விரித்துக் குனிந்தார்கள். பென்சில் பற்றாமல் சிலர் கரித்துண்டை எடுத்தார்கள். மூட்டை தூக்குகிற சடையாண்டி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக யோசித்து யோசித்துக் கருப்படித்தான்.

சுருளிவேல் அட்டையை வைத்து எண்ணினார். "சடையாண்டி, பதினஞ்சு."

"ஏது! எனக்கா?" சடையாண்டி கோபித்துக்கொண்டான். "வாத்தியாரே, நல்லா எண்ணுங்க. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எனக்கு எப்படிப் பதினஞ்சு வரும்?"

"வந்திருக்குதுங்களே."

"எங்க ஆத்தாகிட்டச் சொன்னா நம்பாதே! நான் படிச்சிருக்கணும் போலருக்கே!"

கையூம் பாய் சிரித்தார். "நீங்கல்லாம் யோசிக்கிறீக, அதான் தப்பு. நான் கடைசிக் கட்டத்தையே வரிசையா அடிச்சிருக்கேன். நமக்குத்தான் மூட்டை."

"பதிமூணுங்க பாய்."

"யா அல்லா!"

பத்து, பன்னிரண்டு, பதினொன்று, பதினாறு என்று மார்க்குகள் வந்து விழுந்தன. ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு கூச்சல் எழுந்தது. ஏழு வாங்கிய வண்டிக்காரர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், அவர்தான் முட்டைக்குப் பக்கத்தில் போனவர் என்று. மலைச்சாமிக்குப் பதினாலு. அவர் விடவில்லை. "இன்னொரு தாள் குடுங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏலக் கணக்குப் பார்ப்பதுபோல் கவனமாக அடித்தார். பதினொன்று. மூன்றாவது தாள். பன்னிரண்டு.

"ஏம்ப்பா, முட்டை வாங்கவே முடியாதா?" என்றார். வியர்த்துவிட்டது அவருக்கு.

"வாங்கலாமுங்க. பதினேழு லட்சம் பேர் கண்ணை மூடிக்கிட்டு எழுதினா ஒருத்தர் வாங்குவார். அதுவும் வரிசைக்கு ஒரு கட்டம் அடிச்சா. உங்க புள்ளைங்க வரிசைக்கு மூணு மூணா அடிச்சிருக்காங்க. அப்படியும் முப்பத்தாறு பேர் சரியான கட்டத்துல கையே வைக்கலை. விடை தெரியாதவங்களால இது ஆகுமுங்களா?"

மலைச்சாமி பேச்சாயியின் தாளை வாங்கி, தாமே அதன்மேல் அட்டையை வைத்தார். ஐம்பது ஓட்டைகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு அட்டையை எடுத்துவிட்டு அடியிலிருந்த கருப்பைப் பார்த்தார். திரும்பி, வெங்காயம் பொறுக்குகிற பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருத்தியின் கை குவியலுக்குள் போய், அழுகலை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு, நல்லதைத் தொடாமல் அடுத்ததற்குப் போயிற்று.

"அட, பொம்பளைப் புள்ளைக பொறுக்கியிருக்குதுகடா" என்றார் மெதுவாக. "நான் நாப்பது வருசமா இதைத்தானே கூலி குடுத்துச் செய்யச் சொல்றேன்."

உத்தரவை எடுத்தார். கிழிப்பார் என்று ராமுத்தாய் நினைத்தாள். அவர் கிழிக்கவில்லை. காகிதத்தை வீணாக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், ஜூன் முதல் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு விஞ்ஞானப் பிரிவு நடைபெறும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"திண்டுக்கல்லுப் பயலுகளுக்கு எம்புட்டுன்னு சொன்னீக?"

"இருபத்தேழுங்க."

"நம்ம புள்ளைகளுக்கு முப்பத்தெட்டு. ஏலே, கேட்டியா சடையாண்டி? இருபத்தேழு, முப்பத்தெட்டு!"

"எனக்குப் பதினஞ்சு ஐயா!" என்றான் சடையாண்டி.

இலாகாவுக்கு அனுப்ப ஒரு விளக்கம் தேவை என்றார் மலைச்சாமி. சுருளிவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மூன்றாம் குறிப்பை வாசிக்காதது முழுக்க முழுக்க என் தவறு என்று எழுதியிருந்தது. ராமுத்தாய் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பஸ்ஸில் வரும்போது குலுங்கிக் குலுங்கி எழுதியது. நடந்ததெல்லாம் நான் கற்பித்த முறையின் தவறு, மேற்பார்வையாளர் மீது பழியில்லை என்று இருந்தது.

மலைச்சாமி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். "சொத்துக்குச் சண்டை போடுவாக, பாத்திருக்கேன். தப்புக்கு ரெண்டு பேரு பாத்தியதை கொண்டாடி இன்னைக்குத்தான் பாக்குறேன்." கண்ணாடிக்கு மேலாகச் சுருளிவேலைப் பார்த்தார். "தம்பி எந்த ஊரு?"

"கீரனூருங்க."

"கீரனூர்ல யாரு வீடு?"

யார் வீடு என்று எந்த நேரத்தில் எதற்காகக் கேட்பார்கள் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெங்காயம் பொறுக்குகிற பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"மேலத்தெரு சோலைமுத்து மகனுங்க" என்றார் சுருளிவேல். காது மறுபடியும் சிவந்துவிட்டது. ராமுத்தாயைப் பார்த்தார். அவள் மேஜையில் இருந்த தராசுப் படிக்கல்லை இதற்கு முன் படிக்கல்லையே பார்த்திராதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா" என்றாள், குரலைச் சரி செய்துகொண்டு. "பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு விட்டுரும். பிள்ளைககிட்டச் சொல்லணும்."

"வேனை எடுத்துட்டுப் போ. தம்பி இங்க இருக்கட்டும். நான் செத்த நேரம் பேசணும்."

வேனில் உட்கார இடம் இல்லை, நாலு மூட்டை வெங்காயம் இருந்தது. அவள் ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, உத்தரவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மேட்டுக்கும் தலை கூரையில் இடித்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வகுப்புக்குள் நுழைந்தாள். நாற்பத்திரண்டு பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். உத்தரவின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். முதல் பெஞ்சு படித்தது. இரண்டாவது பெஞ்சு எட்டிப் படித்தது. மூன்றாவது பெஞ்சுக்குப் போவதற்குள் பேச்சாயி பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

சத்தம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. புது மார்க்கை ஒவ்வொன்றாக வாசித்தாள். பேச்சாயி நாற்பத்தொன்பது என்றதும், "அந்த ஒண்ணு எது டீச்சர்?" என்று அவள் உடனே சண்டைக்கு வந்தாள். ஒச்சாயி, கனகாம்பரம் வாடிய தலையோடு எழுந்து நின்றாள்.

"அப்ப என் ஏழு, ஏழு இல்லையா டீச்சர்?"

"இல்லைடா. நீ ஏழு இடத்துல அரிசியைத் தூக்கி எறிஞ்சிருக்கே."

"இப்ப எனக்கு எம்புட்டு?"

"இருபத்தாறு."

"எத்தனாவது?"

ராமுத்தாய் தயங்கினாள். "கடைசி."

ஒச்சாயி விரல் விட்டு ஏதோ எண்ணினாள். அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "இருபத்தஞ்சு இருந்தாப் போதும்னுதானே ஐயா சொன்னாரு? அப்ப கடைசியே பாஸா!" என்று கத்தினாள். "ஏய், கடைசியே பாஸுடி! ஃபெயில் ஆகுறதுக்கு இந்த வகுப்புல ஆளே இல்லைடி!"

மணி அடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு விஞ்ஞானப் பிரிவில் சேருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ள ராமுத்தாய் ஒரு தாளை எடுத்தாள். அவள் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துவிட்டது. என் பேரு டீச்சர், முதல்ல என் பேரு டீச்சர் என்று ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்து இழுத்ததில், முதல் பெயரை எழுதவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.